ஆணியில் தொங்கிய டைமிங் பெல்ட்

மெக்கானிக் அந்தோணிசாமி கார் என்ஜினிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டியதிலிருந்து டைமிங் பெல்ட்டுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"ஃபேன் பெல்ட் தினமும் கீச்சு கீச்சுனு கத்தும். அதை மாத்தினா நியாயம். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் நான் ஒரு நாளாவது முனகியிருப்பேனா? கிலோமீட்டரைப் பார்த்தாராம், கழற்றிட்டாராம்! இன்னும் இருபதாயிரம் அசால்ட்டா ஓடுவேன்."

அதே ஆணியில் அறுந்து தொங்கிய இன்னொரு டைமிங் பெல்ட் சிரித்தது. "நானும் இதையேதான் சொன்னேன், தம்பி."

"அப்போ அறுறதுக்கு முன்னாடி நீங்க கத்தினீங்களா, அண்ணே?"

"மலை வளைவுல அறுந்தப்போகூட நான் வாயைத் திறக்கலையே."

அது அறுந்ததில் பிஸ்டன் இடித்து வளைந்துபோன என்ஜின் வால்வுகள் கீழே தட்டில் கிடந்தன.

"கத்தினது நாங்க" என்றது அவற்றில் ஒன்று.