கொண்டை

"வெட்டின முடி எங்க அக்கா? அதக் காட்டினா ஐயா நம்புவாரு."

பொலிஸ்காரர் அலவி தமிழில் தணிவாகத்தான் கேட்டார். கனகேஸ்வரி எதிரே பார்த்தாள்.

எதிர் வாங்கில் அவளுடைய அக்காவின் மகள் நளாயினி இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் சுற்றிவளைத்தவர்கள் அடையாள அட்டையை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. கழுத்தோடு நின்ற முடியைத்தான் பார்த்தார்கள். கட்டை முடி என்றால் இயக்கப் பெட்டை, அவ்வளவுதான்.

அந்த முடியை வெட்டியது கனகேஸ்வரி.

இரட்டைப் பின்னலோடு திரிந்தால் ஊர்ப்பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள், கொழும்புப் பிள்ளை மாதிரி இருக்கட்டும் என்றாள். நளாயினி அழுதாள். அழாதே, முடியை ஜிந்துப்பிட்டி முருகனுக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறேன், அவர் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்று வாய் கூசாமல் சொன்னாள்.

"முடி கோயிலில, சேர். சின்னம்மா குடுத்திட்டா," என்றாள் நளாயினி.

மேசைக்குப் பின்னால் இருந்த பொலிஸ் பெரியவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு எழும்பினார். ஆதாரம் இல்லையென்றால் பின்னேரம் பிள்ளையை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அலவிக்கும் தெரியாது.

கனகேஸ்வரி தன் கொண்டையில் கை வைத்தாள்.

ஊசிகளை இழுத்தாள். ஒன்றிரண்டு கீழே விழுந்தன. கொட்டாஞ்சேனையில் கொடுத்துச் சவுரியாகக் கட்டுவித்த நீள முடி, வெயிலில் செம்பட்டை ஓடிய நுனியோடு, மேசையில் விழுந்தது.

நெருப்புக்காய்ச்சலில் கொட்டிய அவளுடைய சொந்த முடி அதற்குப் பிறகு சரியாக முளைக்கவில்லை. வந்த நாளில் நளாயினி தலை முழுகிவிட்டு பல்கனியில் நின்று முடி உலர்த்தியதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைவே இல்லை. பாதுகாப்பு என்பதெல்லாம் பிறகு தேடிக்கொண்ட சாட்டு.

பெரியவர் சவுரியை நளாயினியின் காதருகே பிடித்துப் பார்த்தார். அதே சுருள். சிரித்துவிட்டு, கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மின்விசிறிக் காற்றில் கனகேஸ்வரியின் மண்டை குளிர்ந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

நளாயினி குனிந்து ஊசிகளைப் பொறுக்கினாள். பிறகு சின்னம்மாவின் சேலைத் தலைப்பை இழுத்து, அவளுடைய தலையை மூடிவிட்டாள்.