விவரத்தில் சொன்னபடி இல்லை

"மூணாவது புகார்ப்பா. இதுலயும் தோத்தா என்னை ஏலத்தை விட்டே தூக்கிடுவாங்க" என்றாள் மகள், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பழைய சாமான்களை இணைய ஏலத்தில் விற்றுத்தான் அவள் பிழைப்பு ஓடியது. வாங்கியவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே அவள் பெயரைக் கெடுத்திருந்தார்கள். அதில் ஒருவன் நல்ல ரேடியோவை அமுக்கிக்கொண்டு உடைந்த ரேடியோவைத் திருப்பி அனுப்பிய யோக்கியன்.

"எந்தச் சாமானுக்கு?" அப்பா பழைய செய்தித்தாள்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் சின்ன வீட்டுக்குக் குடி போகிறார்கள்.

"அம்மா மிஷினுக்கு. பொருள் விவரத்தில் சொன்னபடி இல்லையாம்."

கயிறு அவர் கையிலிருந்து நழுவியது.

மகள் தான் போட்ட விவரத்தைத் திறந்தாள். 'இறந்துபோன என் அம்மாவின் தையல் மிஷின்.' அந்த முதல் வரியை எழுத அவளுக்கு அரை நாள் பிடித்தது. மற்றதையெல்லாம் வழக்கம்போல மளமளவென்று அடித்துவிட்டிருந்தாள்.

முதல் வரியில் சரிபார்க்க என்ன இருக்கிறது? அதைத் தாண்டிப் படித்தாள். "கையால் சுற்றும் மிஷின். மர மூடி, கைப்பிடியில் கீறல். பூட்டியிருக்கிறது, சாவி இல்லை. உள்ளே திறந்து பார்க்கவில்லை. இதுல எதுப்பா பொய்?"

அப்பா நழுவிய கயிற்றைக் குனிந்து எடுத்தார்.

ஐந்து வயதில் அவள் மிஷினைச் சுற்றி விளையாடப்போய், ஊசி சுட்டுவிரலில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அம்மா மூடியைப் பூட்டிச் சாவியைச் சிவப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதே வருஷம், மகளை அத்தை வீட்டில் விட்டிருந்த சமயத்தில்தான் அம்மா போனது. அவளைக் கூட்டிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாவி எங்கே என்று போன மாதம் கேட்டதற்குக்கூட அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். "அவ கழுத்துலயே கிடந்துச்சு. சேத்து எரிச்சாச்சு."

வாங்கியவருக்குப் பெயர் இல்லை, வெறும் எண்தான். முகவரியும் ஏதோ ஒரு பார்சல் கடை. ஏலத்தில் போட்டிக்கு ஆளே இல்லாதபோதும், தான் கேட்ட விலைக்கு மேல் தானே மூன்று தடவை ஏற்றிக் கேட்ட ஆசாமி.

'என்ன குறை? பணத்தைத் திருப்பித் தரவா?' என்று தட்டினாள்.

பதில் உடனே வந்தது. 'பணம் வேண்டாம். மிஷின் என்னிடமே இருக்கட்டும். விவரத்தை மட்டும் திருத்துங்கள்.'

"பணம் கேக்காம புகார் குடுக்கிற ஆளை இப்பதான்ப்பா பாக்குறேன்."

"கழுதை, திருட்டுக் கும்பலா இருக்கும். முதல்ல இப்படித்தான் குழைவானுங்க. பணத்தைத் தூக்கி எறிஞ்சிட்டு ஆளைத் தலைமுழுகு."

"பணம் வேண்டாங்கறவங்ககிட்ட எப்படிப்பா எறியறது?"

அடுத்து ஒரு படம் வந்தது. மூடியைத் திறந்து மேஜைமேல் ஓரமாக வைத்திருந்தார்கள். பூட்டில் சின்னக் கீறல்கூட இல்லை. அதில் சாவி நின்றது. சாவியில் வெளுத்துப்போன சிவப்பு நூல்.

மகள் சுட்டுவிரல் தழும்பைத் தன்னையறியாமல் தேய்த்தாள். லேப்டாப்பைத் திருப்பி அப்பாவுக்குக் காட்டினாள். அவர் செய்தித்தாள் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எரிச்சாச்சுன்னு சொன்னீங்களே."

"வேற சாவி செஞ்சிருப்பாங்க."

"நூலையுமாப்பா செஞ்சாங்க?"

ஜன்னலில் வெயில் காய்ந்தது. இருந்தும் அவளுக்கு முதுகு சில்லிட்டது. மிஷினை வைத்திருந்த மேஜையையும் எடுத்தாகிவிட்டது; அதன் கால்களின் தடம் நாலு தரையில் பதிந்திருந்தது. மிஷினை அனுப்பிப் பத்து நாளாகியும் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் போகிறாள். அங்கிருந்து சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது.

"அந்தப் பக்கத்தை மூடு." அப்பாவின் குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. "சொன்னா கேளு. அங்க பேச்சு வச்சுக்காத. உன் பொழப்பு போனா போகட்டும், கஞ்சிக்கு நான் வழி பண்றேன்."

பத்து காசு தள்ளுபடிக்கும் வாங்குபவரோடு மல்லுக்கு நிற்கச் சொல்லிக்கொடுத்த மனுஷன் இப்படிப் பேசியதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. பயம் முற்றினால் சிலருக்கு ஓட்டம் வரும். அவளுக்கு வீம்பு வந்தது. புகார்ப் பக்கத்தில் வாங்கியவரோடு நேரடியாகப் பேச ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள்.

"வேண்டாம்டி!" என்று அப்பா எழுந்தார். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

மறுமுனையில் தூரத்தில் கடகடவென்று ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான்தாங்க மிஷின் வித்தவ," என்றாள் மகள். "விவரத்தைப் படிக்கிறேன், கேளுங்க. கையால சுத்துற மிஷின், சரிதானே?"

"சரிதான்." பெண் குரல். வயதான குரல்.

"கைப்பிடியில கீறல்?"

"இருக்கு."

"பூட்டியிருக்கு, எங்ககிட்ட சாவி இல்ல, திறந்து பாக்கல. இதுவும் உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்புறம் எந்த வரிதாங்க தப்பு?"

அங்கே சக்கரம் நின்றது. இங்கே அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் வரி, கண்ணு."