நாய்க்கும் சேர்த்து ஒரு வீடு

"நாய்க்கும் சேர்த்துத்தான் வீடு வேணும் சார்."

நாய்ப் பேச்சையே எடுக்காதே என்று புரோக்கர் முனிரத்தினம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சாம்ராஜ்பேட்டையில் ஏறி இறங்கிய வீடெல்லாம் நாயால்தான் தட்டிப்போனது. ஆனால் ஒளித்துவைத்துக் குடிவர எனக்கு இஷ்டமில்லை.

மராமத்து இலாகாவில் ரிடையரான வீட்டுக்காரர் தணிகாசலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"என்ன ஜாதி?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பி.ஏ. பாஸ் பண்ணிட்டு டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், அது போதாதா? ஆதி திராவிடர்தான். நான் குடுக்கற வாடகையில தீட்டு ஒட்டிக்கிட்டு வருமா?"

அவர் திகைத்துப்போனார்.

"ஐயோ, நான் நாயைக் கேட்டேம்மா! நானே அல்சேஷன் வளத்தவன். வீட்டுக்குக் காவலாச்சேன்னு சந்தோஷப்பட்டேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சுக்குங்க சார். நாட்டு நாய்தான். ஆனா சமத்து. என்னைக்குக் குடிவரலாம்?"

அவர் மேஜைமேல் எடுத்துவைத்திருந்த சாவியை மெல்ல மடியில் செருகிக்கொண்டார்.

"நாய்னா பரவாயில்லம்மா..." என்று இழுத்தார். "இந்த வீட்டை என் மச்சினன் கேட்டிருந்தான். இப்பத்தான் ஞாபகம் வருது."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். இனி எந்த வீட்டுப் படி ஏறினாலும் முதலில் என்னைப் பற்றித்தான் சொல்வேன். நாயைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.