மயிரிழை இடைவெளி

"மூணு தடவை அழுத்தினா ஒரு தடவைதான் பத்துதுண்ணே. மத்த ரெண்டு தடவையும் வெறும் டிக், டிக்தான். புகையே இல்ல."

வந்தவன், புகை இழுத்து விடும் அந்தக் கனத்த பித்தளை 'வேப்' குழாயை ரெமியின் கடை மேசைமேல் வைத்தான். பெயர் செட்டோ, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் என்றான். ரெமி அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். சர்க்யூட் கிடையாது, ஒயர் கிடையாது. கீழே பட்டன், நடுவில் பேட்டரி, மேலே சூடாகிப் புகை கிளப்பும் கம்பிச் சுருள். தொட வேண்டியது தொட்டால் புகை, இல்லாவிட்டால் வெறும் குழாய்.

"பேட்டரி சார்ஜ் போட்டியா தம்பி?"

"ஃபுல் சார்ஜ். வேற பேட்டரி மாத்தியும் பாத்துட்டேன். அதே கதைதான்."

"அப்ப பேட்டரி பாவம், அத விடு. எங்கயோ தொடாம நிக்குது."

அடிமூடியைத் திருகிக் கழற்றினான். பட்டனின் முனை கருகியிருந்தது. திருகு வரிகளில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

"என்னப்பா இது, மெழுகு? இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நான் வேலை பாக்குற இடம் அப்படிண்ணே."

"மெழுகைப் பூசி வச்சா கரண்ட் எப்படிப் போகும்? நீஞ்சியா போகும்?"

செட்டோ அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். ரெமி பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து வரிகளைத் தேய்த்தான். கருகிய முனையை உப்புத்தாளால் பளபளக்க வைத்தான்.

உள்ளேயிருந்து மனைவி லோர்னாவின் குரல் வந்தது. "ஏங்க, இன்னைக்குக் கடைசி ஒத்திகை. பாப்பா உங்களைத்தான் கேக்குறா. இன்னைக்காவது வாங்களேன்!"

"நீயே கூட்டிட்டுப் போம்மா! போட்டிக்கு நாலே நாள்தான் இருக்கு."

வாசல் கதவு படீரென்று சாத்தும் சத்தம் கேட்டது. கோபம்தான். அப்புறம் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று ரெமி வேலையைத் தொடர்ந்தான்.

"ஞாயித்துக்கிழமைக்கு இது ரெடியாயிடும்லண்ணே?"

ரெமியின் கை நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கூடைப்பந்து மைதானத்தில், வேப் இழுத்து யார் பெரிய புகை விடுவது என்ற போட்டி. மூன்று வருடமாக அவன்தான் சாம்பியன். கடை ஓடுவதே வாசலில் மாட்டியிருக்கும் அந்தச் சாம்பியன் பலகையால்தான்.

"ஞாயித்துக்கிழமை என்ன விசேஷம்?"

"அது... வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவுண்ணே. ஒரே ஒரு தடவைதான் அழுத்த முடியும். ஊரே பாத்துக்கிட்டு நிக்கும். அந்த நேரம் பாத்து டிக்னு நின்னுச்சுன்னா என் மானமே போயிரும்."

"சரியா வேலை செஞ்சா எவ்வளவு புகை வரும்?"

"ஒரு ஆளையே மறைச்சிடும்ணே."

ரெமி விடுகிற புகை அவன் தலையைக்கூட முழுசாக மறைத்ததில்லை. என் கடைக்கே வந்து, என் கையாலேயே சரி பண்ணிக்கொண்டு, என்னையே ஜெயிக்கப் போகிறானா?

பேட்டரியின் தலையைத் தொட வேண்டிய சின்னத் திருகு ஒன்று பாக்கியிருந்தது. பேட்டரியைத் தொடும்படி வெளியே நீட்ட வேண்டிய அதை, அரைச் சுற்று உள்ளே திருகினான். மயிரிழைதான் இடைவெளி. நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால் தொடும். போட்டியில் செய்வதுபோலக் குனிந்து, சாய்த்துப் பிடித்தால் பேட்டரி நழுவித் தொடாமல் நின்றுவிடும்.

நிமிர்த்திப் பிடித்து மூன்று முறை அழுத்திக் காட்டினான். மூன்று முறையும் புகை கடையை நிறைத்தது.

"அண்ணே, நீங்க மனுஷனே இல்ல, தெய்வம்!" என்று செட்டோ கும்பிட்டான்.

காசு வாங்க ரெமிக்கு மனம் வரவில்லை. அந்த அளவுக்காவது வெட்கம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டர் விடியல், கிழக்கு வெளுக்கும் நேரம். மாதா கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. உயிர்த்தெழுந்த இயேசுவின் சிலையோடு ஆண்கள் ஒரு தெருவிலிருந்து வந்தார்கள். மகனை இழந்த துக்கத்துக்குக் கறுப்பு முக்காடு போட்ட மாதா சிலையோடு பெண்கள் மறு தெருவிலிருந்து வந்தார்கள். நடுவில் மூங்கில் சாரம், மூன்று ஆள் உயரம். அதன் உச்சியிலிருந்து ஒரு சிறுமி தேவதையாகக் கயிற்றில் இறங்கி மாதாவின் முக்காட்டை விலக்க வேண்டும். இந்த வருடம் அந்தத் தேவதை, ரெமியின் எட்டு வயது மகள் ஐவி.

ரெமியின் மனம் மட்டும் மதியப் போட்டியில் இருந்தது.

லோர்னா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவை புதுசா ஒண்ணு பண்ணியிருக்காங்க, தெரியுமா? முதல்ல மேகம் வருமாம். அந்த மேகத்துக்குள்ளேருந்து நம்ம பாப்பா இறங்குவா, கயிறே தெரியாது. திங்கக்கிழமை ஒத்திகையில பாத்து நான் அழுதே போயிட்டேன். நீங்கதான் ஒரு நாளும் வரல."

வாத்தியங்கள் ஓய்ந்தன. ஊரே அண்ணாந்து பார்த்தது. உச்சியில் சிறகு கட்டிய ஐவி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். அவளுக்குப் பின்னால் சாரத்தில் கட்டியிருந்த தழைகளுக்குள் ஒளிந்து படுத்திருந்த யாரோ ஒருவன், கையில் பித்தளையாய் மின்னிய எதையோ கீழே சாய்த்து நீட்டினான்.

மேகம் வரவில்லை. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

"என்னங்க அது, மேல ஏதோ சத்தம் கேக்குது?" என்றாள் லோர்னா பதறிப்போய்.

டிக்... டிக்... டிக்...

அது என்ன சத்தம் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் ரெமி ஒருவன்தான்.