புங்கமரத்தடிச் சாமி

அவள் வரிசையில் நின்றாள். தன் கணவனைப் பார்க்க.

கிரிவலப் பாதையில், புங்கமரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தான். தலை சடை விழுந்திருந்தது. கழுத்து நிறைய மாலைகள். சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே ஓர் உண்டியலும் வைத்திருந்தார்கள்.

யாரோ டீ கொடுத்தார்கள். பாதியைக் குடித்துவிட்டு மீதியை மண்ணில் ஊற்றினான்.

அந்த ஈர மண்ணுக்காக ஒரு பேராசிரியரும் ஒரு நகைக்கடை முதலாளியும் முட்டிக்கொண்டார்கள். பேராசிரியர் வென்றார். கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

பிறகு அவன் ஒரு கல்லை எடுத்து எறிந்தான்.

பட்டவர் நெற்றியைத் தடவிக்கொண்டே கைகூப்பினார். படாதவர்களுக்கு முகம் விழுந்துவிட்டது.

இப்படி ஒரு கல்லை வீட்டு வாசலில் நின்று எறிந்ததற்குத்தான் தெருவே கூடி, பைத்தியத்துக்கு இங்கே இடமில்லை, வீட்டைக் காலி பண்ணு என்றது. நாலு ஊர் தாண்டி வந்ததும் கல்லுக்கு அருள் வந்துவிட்டது.

காலையிலேயே சேவைக் குழுத் தலைவர் திருஞானத்திடம் கேட்டுப் பார்த்திருந்தாள், வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று. கல்யாணப் போட்டோவையும் நீட்டினாள். ஓய்வுபெற்ற துணைத் தாசில்தாரான அவர் அதை வாங்கி நிதானமாகப் பார்த்தார், கண்ணாடி போடாமல்.

"இத பாரும்மா, ஊருக்கே சாமி. உனக்கு மட்டும் புருஷன்னா எப்படி?"

ஆகவே வரிசை.

கயிற்றைத் தூக்கி ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். அவள் முறை வந்தது. விழுந்து கும்பிடச் சொன்னார்கள். விழுந்தாள்.

வேறு எப்படியும் அவன் காலைத் தொட முடியாது.

பாதம் வெடித்துக் கிடந்தது.

நிமிர்ந்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"



சாமி வாய் திறந்து பேசி இதுவரை யாரும் கேட்டதில்லை. செய்தி வரிசையின் வால் வரை ஓடியது. வீட்டில் காய்ச்சல் இருப்பவர்கள் விழுந்தார்கள். இல்லாதவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று விழுந்தார்கள். திருஞானம் மூட்டுவலியை மறந்து நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார்.

அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பாப்பாவுக்குக் காய்ச்சல் மருந்து வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன்.

அந்தக் காய்ச்சல் மறுநாளே விட்டுவிட்டது. பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இந்நேரம் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பாள்.

எத்தனை வெயில். எத்தனை மழை. தன் பெயரையே தொலைத்துவிட்டவன், அந்த ஒரு கேள்வியை மட்டும் நனையாமல் வைத்திருந்திருக்கிறான்.

அவள் கையை நீட்டினாள்.

"இன்னும் விடலைங்க" என்றாள்.

அவன் பதறி எழுந்தான்.

தரையில் கிடந்தவர்கள் யாரையும் மிதித்துவிடாமல், பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தான்.