மஞ்சள் தெரியவில்லை

கல்லூரி ஆய்வகத் திரையில் ஹைட்ரஜன் சல்பைடு எப்போதும் மஞ்சள் புகையாகத்தான் எழும்பும். நிறமே இல்லாத அந்த நச்சு வாயுவுக்கு, பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் பூசிவிட்ட மஞ்சள். அதை விரலால் தொட்டால் மதிப்பெண் விழும். ரெஜினா நூற்றுக்கு நூறு வாங்கியவள். நிஜ ரசாயனத்தை மாணவர்கள் தொடுவது சட்டப்படி குற்றமாகி இருபது வருடமாகிறது.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவள் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த மூன்றாம் நாள், கழிவுத் தொட்டியைக் கழுவ வந்த ஜெயசீலன் ஏணியருகே தயங்கி நின்றார்.

“அழுகின முட்டை நாத்தம் அடிக்குது மேடம். இன்னிக்கு வேணாம்.”

ரெஜினா குனிந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். நாற்றம் அவளுக்கும் அடித்தது. ஆனால் மஞ்சளாக எதுவும் தெரியவில்லை.

“தோல் ஷாப்புன்னா நாறத்தான் செய்யும். கேஸ் எதுவும் இல்லண்ணா, இறங்குங்க.”

நாலாவது படியிலேயே அவர் பிடி நழுவியது. கயிறு கட்டி மேலே எடுத்தபோது உயிர் இல்லை.

மறுநாள் விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். மூவரும் அதே திரையில் படித்தவர்கள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராகத் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள்.

“நேத்து மஞ்சள் தெரிஞ்சுதா?”

“இல்ல சார்.”

“இப்பவும் இல்லையே.”

மூத்தவர் ‘மாரடைப்பு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். வண்டியில் ஏறும்போது ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தார்.

“வேற ஆள இறக்கிச் சீக்கிரம் கழுவச் சொல்லுங்கம்மா. நாத்தம் தாங்கல.”