ரோஸ் சீட்டு

முதலில் மாதா சுரூபத்தின் பீடத்தில் ஒட்டியிருந்த சீட்டைத்தான் பிய்த்தேன்.

மாதாவின் காலடியில் ஜெர்மன் மொழியில் ஐந்து சொற்கள். கீழே தமிழில், 'ஜெபம் முடிந்ததும் மூன்று தடவை சொல்'. சாமி காரியத்தில்கூட ஒரு மரியாதை இல்லை.

நாலு மணிக்குப் பங்குச்சாமியார் வீடு மந்திரிக்க வருகிறார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே ஒவ்வொரு அறையாக நுழைவார். வாசலைக் கழுவலாம் என்று மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரு வேலையாக உள்ளே வந்தவனுக்கு, இந்தக் குப்பைதான் கண்ணில் பட்டது.

பிய்க்க ஆரம்பித்தேன்.

சுவரில், கதவில், பிரிட்ஜில், அரிசி டிரம்மில், மஞ்சளும் ரோஸுமாகச் சீட்டுகள். மேஜையில் ஆடை கட்டிய டீ டம்ளர்கள் மூன்று, ஒன்றில் எறும்பு மிதந்தது. நோட்டுக்குள் பாதி தின்ற வாழைப்பழம், கறுத்துப் போய்.

பெற்ற பிள்ளை மேல் அருவருப்பு வரக்கூடாது என்பார்கள். எனக்கு வந்தது.

என் மகள் ஜெனிட்டாவுக்கு இருபத்தைந்து வயது. தஞ்சாவூரில் நர்ஸ். ஜெர்மனிக்குப் போக லேப்டாப்பிலேயே பாஷை படிக்கிறாள். வாத்தியார் ஒரு ஊரில், இவள் திருக்காட்டுப்பள்ளியில். வகுப்பு நடக்கும்போதே எழுந்து போய்த் துணி மடிப்பாள், பாதியில் அதையும் விட்டுவிடுவாள். இரண்டு தடவை தேர்வு நேரத்தைக் கோட்டை விட்டாள். இன்று மூன்று மணிக்கு மூன்றாவது தடவை. இதுவும் போனால் ஜெர்மனி ஆஸ்பத்திரியில் அவள் இடம் வேறொருத்திக்கு.

போன மாதம் தஞ்சாவூர் டாக்டர், இது மூளையில் கவனம் நிற்காத ஒரு கோளாறு, திமிர் இல்லை என்றார். ஏடிஎச்டி என்று பெயரும் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. சிங்கப்பூரில் பதினான்கு வருஷம், ஆறு கம்பெனி பார்த்தவன் நான். ஒழுங்கு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

டாக்டரிடமிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் ஒட்டுகிற சீட்டு இரண்டு கட்டு வாங்கினாள். ஒன்று போதாதா என்று கேட்டேன். காசைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

வீடு முழுக்க ஒட்டியதற்கு அவள் அம்மாவிடம் சொன்ன விளக்கம் வேறு. நடவுக்கு முன்னால் நாற்று முடியை வயல் பூராவும் வீசிப்போடுவது போலவாம். நடுகிறவள் தேடிப் போகாமல் கை எட்டும் இடத்திலேயே கிடக்க வேண்டுமாம்.

மஞ்சளாவது பாடம், பரீட்சை என்று இருந்தது. ரோஸ்தான் படு கேவலம். என் கட்டிலுக்கு எதிரே, 'மோட்டார் ஓடுதா?' நிலைப்படியில், 'சாவி'. வண்டியின் ஹேண்டில்பாரில், 'சைடு ஸ்டாண்டு'. ஸ்டாண்டை எடுக்கக்கூடச் சீட்டு வேண்டுமென்றால் அது என்ன ஜென்மம்?

ஒன்று விடாமல் பிய்த்து ஒரு பையில் திணித்தேன். சுவர் சுவராக இருந்தது.

ஜெனிட்டா தலைக்குக் குளித்து, ஈரத்துண்டோடு வெளியே வந்தாள். மணி இரண்டு ஐம்பது.

சுவரைப் பார்த்தாள். அடுத்த சுவரைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"அப்பா, என் பரீட்சை நம்பர் எந்தச் செவுத்துல இருந்துச்சு?"

பிய்த்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. என் கையால் பிய்த்தது. யோசித்தேன். பிரிட்ஜா? டிரம்மா? ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

அவள் பையை வாங்கித் தரையில் கொட்டினாள். சம்மணமிட்டு உட்கார்ந்து, மஞ்சளை ஒரு பக்கம், ரோஸை ஒரு பக்கம் தள்ளினாள். மஞ்சளை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ரோஸை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு நம்பர் கிடைத்தது.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தட்டினாள். திரையில் தேர்வு திறந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ரோஸையும் எடுத்துக்கயேம்மா" என்றேன்.

"மஞ்சள்தான் என்னோடது. ரோஸ் உங்களுதுப்பா. மோட்டார் ஓடுது, போய் நிறுத்துங்க." திரும்பாமலே சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. மாடித்தொட்டி நிரம்பி, தண்ணீர் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் நிறுத்தினேன். வாசல் சேறாகிக் கிடந்தது. அதைக் கழுவத்தான் மோட்டாரைப் போட்டேன்.

ஆறு கம்பெனியும் என்னை ஏன் வேலையை விட்டு அனுப்பின என்று இந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. வால்வைத் திறந்தேன், மறந்தேன். எல்லாம் அந்தக் கதைதான். இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

உள்ளே வந்து, தரையில் கிடந்த ரோஸ் சீட்டுகளை ஓசைப்படாமல் பொறுக்கினேன். பசை போயிருந்தது. அடுக்களையில் சோற்றுப் பருக்கை எடுத்து, 'மோட்டார் ஓடுதா?' சீட்டின் பின்னால் தேய்த்தேன்.

அன்றைக்கு டாக்டர் என்னிடம்தான் கேட்டார், இது குடும்பத்தில் வருவது, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று. இல்லவே இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனிட்டா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

அதற்கப்புறம்தான் கடைக்காரரிடம், மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று என்று கேட்டு வாங்கினாள்.